நிலம் எழுதிய ஒப்பந்தம்: ஐஸ்லாந்தில் வாடகைக் கார்

சரளைக்கல், எரிமலைச் சாம்பல், சூறைக்காற்று, பனியாறு. ஐஸ்லாந்தில் வாடகைக் கார் எடுப்பவர் கையெழுத்துப் போடும் தாளில் இத்தனைக்கும் இடம் உண்டு. அந்த வரிகள் எப்படி வந்தன, அவற்றைப் படிக்காமல் கிளம்பினால் என்ன ஆகும்?

ஐஸ்லாந்தில் ரயில் கிடையாது. ஊர்விட்டு ஊர் போகும் பேருந்துகளும் கொஞ்சம்தான். குளிர்காலத்தில் அவையும் குறைந்துவிடும். சுமார் 4 லட்சம் பேர் வாழும் அந்தத் தீவுக்கு ஆண்டுதோறும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் வருகிறார்கள். அவர்கள் பார்க்க வரும் அருவிகளும் பனியாறுகளும் எரிமலைகளும் தீவின் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. அதனால் கெஃப்லவிக் விமான நிலையத்தில் இறங்கிப் பெட்டியை எடுத்ததும் பலர் நேராகப் போவது வாடகைக் கார் கவுன்ட்டருக்குத்தான்.

துபாயிலோ மலேசியாவிலோ கார் எடுத்து ஓட்டிப் பழகியவர்களுக்குக்கூட அங்கே நீட்டப்படும் ஒப்பந்தம் புதிதாக இருக்கும். சரளைக்கல் தெறித்து முன்கண்ணாடி விரிசல் விட்டால் யார் பொறுப்பு? மணலும் சாம்பலும் வண்டியின் பெயின்ட்டை உரித்தால் யார் பொறுப்பு? காற்று கதவைப் பிய்த்தால், ஆற்றில் இறங்கி இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் யார் பொறுப்பு? எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்கும். கடைசி இரண்டுக்கும் பெரும்பாலான நிறுவனங்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: வண்டியை எடுத்தவரே பொறுப்பு.

பயணக் களைப்பில் பலர் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அந்த மண்ணில் உண்மையிலேயே நடந்த ஏதோ ஒன்று இருக்கிறது. முன்பின் தெரியாத நாட்டில் ஸ்டீயரிங் பிடிக்கப்போகிறவருக்கு அந்த நிலத்தைப் பற்றிக் கையில் கிடைக்கும் முதல் பாடப்புத்தகம் அதுதான்.

பாலத்தைக் காக்கச் சாலையை வெட்டினார்கள்

ஐஸ்லாந்துக்குப் போகும் பெரும்பாலானோரின் கனவு, தீவை ஒரு சுற்று சுற்றி வரும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலை. நீளம் 1,322 கி.மீ. ஏறக்குறைய சென்னையிலிருந்து மும்பைக்குச் சாலை வழியே போகிற தூரம். இந்த வட்டம் முழுமையானது 1974-ல்தான். அதுவரை தென்கிழக்கு மூலையில் உள்ள ஹொஃப்ன் ஊர்க்காரர்கள் காரில் தலைநகர் ரெய்க்யவிக்குக்குக் கிளம்பினால் வடக்கே போய்த் தீவையே வளைத்துக்கொண்டு வர வேண்டும். நடுவில் குறுக்கே கிடந்தது ஸ்கெய்தாரார்சாந்துர் என்ற கருமணல் வெளி. வாத்னயோகுத்ல் பனிப்பாளம் உருகி வரும் ஆறுகள் அந்த மணலில் நிலையான தடம் இல்லாமல் ஓடுபவை. அவற்றின் மேல் நீண்ட பாலங்களைக் கட்டி, தீவில் மக்கள் குடியேறிய 1,100-வது ஆண்டில் சாலையைத் திறந்தார்கள்.

22 ஆண்டுகள் கழித்து அந்த நிலம் தன் பலத்தைக் காட்டியது. 1996 செப்டம்பர் இறுதியில் வாத்னயோகுத்லின் அடியில் எரிமலை வெடித்தது. உருகிய நீர் ஒரு மாதத்துக்கும் மேலாகப் பனிக்கு அடியிலேயே தேங்கியது. எந்த நேரமும் உடைத்துக்கொண்டு வரும் என்று அறிந்த அதிகாரிகள் சாலையை மூடிவிட்டுக் காத்திருந்தார்கள். நவம்பர் 5 அன்று வெள்ளம் வந்தது. உச்சத்தில் விநாடிக்குச் சுமார் 50,000 கன மீட்டர் தண்ணீர். கூடவே வீடு அளவுக்குப் பனிக்கட்டிகள். ஒரு பாலம் முழுதாகப் போனது. இன்னொன்றின் ஒரு பகுதி போனது. முன்கூட்டியே சாலையை மூடியிருந்ததால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்த வெள்ளத்தில் முறுக்கிக்கொண்ட இரும்பு உத்திரங்களைச் சாலையோரத்தில் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். காரை நிறுத்திவிட்டு அருகே போய்த் தொட்டுப் பார்க்கலாம்.

2010 ஏப்ரலில் எயாஃபியாத்லயோகுத்ல் வெடித்து ஐரோப்பாவின் விமானங்களை நாள்கணக்கில் தரையிறக்கியதை உலகம் அறியும். அதே வாரம் அந்த மலையடிவாரத்தில் நடந்ததை அறிந்தவர்கள் குறைவு. உருகிய பனி மார்கார்ஃபிலியோத் ஆற்றில் வெள்ளமாக இறங்கியபோது, பெரிய பாலத்தைக் காப்பாற்றுவதற்காக ஒன்றாம் எண் நெடுஞ்சாலையையே மண்வெட்டும் இயந்திரத்தால் சில இடங்களில் வெட்டிவிட்டார்கள். வெள்ளம் அந்த வெட்டுகளின் வழியே வடிந்தது. பாலம் தப்பியது. சாலையைத் திரும்பப் போட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் மூலாக்விஸ்ல் ஆற்றுப் பாலத்தை இன்னொரு வெள்ளம் கொண்டுபோனது. ஒரு வாரத்தில் தற்காலிகப் பாலம் எழும்பும்வரை கார்களையும் ஆட்களையும் பெரிய லாரிகளில் ஏற்றி ஆற்றைக் கடத்திவிட்டார்கள்.

2023 டிசம்பரிலிருந்து ரெய்க்யாநெஸ் தீபகற்பத்தில் அடுத்தடுத்து எரிமலை வெடிப்புகள். 2024-ல் கிரின்டவிக் ஊருக்குப் போகும் சாலையை எரிமலைக் குழம்பு மூடியது. அதே ஆண்டு நவம்பரில் புகழ்பெற்ற 'புளூ லகூன்' வெந்நீர்க் குளத்தின் கார் நிறுத்துமிடமும் குழம்புக்கு அடியில் போனது.

இப்படிப்பட்ட ஊரில் நேற்று திறந்திருந்த சாலை இன்று மூடியிருக்கலாம். ஐஸ்லாந்துச் சாலைத் துறை ஒவ்வொரு சாலையின் நிலவரத்தையும் 'உம்ஃபெர்தின்' என்ற இணையதளத்தில் வண்ணம் போட்டுக் காட்டிக்கொண்டே இருக்கிறது. 1777 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். காலையில் கிளம்பும் முன் இதையும் வானிலைத் துறையின் எச்சரிக்கைகளையும் பார்ப்பது உள்ளூர்க்காரர்களின் வழக்கம்.

கைப்பேசி வரைபடத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2016 பிப்ரவரியில் ஓர் அமெரிக்கப் பயணி உதாரணமானார். ரெய்க்யவிக் நகரின் நடுவே இருந்தது அவருடைய ஹோட்டல். முன்பதிவில் தெருப் பெயருடன் ஓர் எழுத்து கூடுதலாகச் சேர்ந்துவிட்டது. அப்படியே ஜி.பி.எஸ்-ல் போட்டு வாடகைக் காரை எடுத்துக் கிளம்பினார். ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டியவர், குளிர்காலப் பனியில் சுமார் 400 கி.மீ ஓட்டி, வடகோடியில் உள்ள சிக்லுஃபியோர்துர் என்ற மீனவ ஊரில் ஒரு வீட்டின் கதவைத் தட்டினார். ஊரே அவரை விருந்தாளியாக ஏற்றுக்கொண்டது. அன்று வானிலை அவருக்கு இடம் கொடுத்தது நல்ல காலம்.

உரிமம், கார்டு, கையெழுத்து

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது ஓட்டுநர் உரிமம். விவரங்கள் ஆங்கிலத்தில் அச்சான, புகைப்படத்துடன் கூடிய இந்திய உரிமத்தையே பல நிறுவனங்கள் ஏற்கின்றன. இருந்தாலும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கையில் வைத்திருப்பது நல்லது. அதை வழங்குவது நம்மூர் ஆர்.டி.ஓ அலுவலகம்தான். படிவம் 4ஏ, பாஸ்போர்ட், விசா நகல்களுடன் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய். ஓராண்டு செல்லும். ஊர் உரிமத்தின் மூலப் பிரதி கூடவே இருந்தால்தான் அந்த அனுமதிக்கு மதிப்பு. வீட்டில் விட்டுவிட்டுப் போனால் கவுன்ட்டரில் சாவி கிடைக்காது.

வயது வரம்பும் உண்டு. சாதாரணக் கார் எடுக்க 20 வயது, நான்கு சக்கர இயக்கம் உள்ள பெரிய வண்டி எடுக்க 23 வயது என்பது பல நிறுவனங்களின் விதி. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் மாறி மாறி ஓட்டுவதாக இருந்தால் எல்லாருடைய பெயரும் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது விபத்து நடந்தால் காப்பீடு கைவிட்டுவிடும்.

அடுத்தது பணம். ஓட்டுபவர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டைத்தான் பல கவுன்ட்டர்களில் கேட்பார்கள். அதில் ஒரு தொகையை முன்பணமாகப் பிடித்துவைத்து, வண்டி நல்லபடியாகத் திரும்பி வந்த பிறகு விடுவிப்பார்கள். பெட்ரோல் பங்க் பலவற்றில் ஆளே இருக்க மாட்டார். கார்டைச் செருகி ரகசிய எண்ணைத் தட்டினால்தான் எண்ணெய் வரும். 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி இந்திய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு முதலில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து வைக்காமல் போனால், ஆளில்லாத பங்க்கில் நடுராத்திரி நிற்க வேண்டியதுதான்.

காப்பீட்டில் எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு. மூன்றாம் நபருக்கான காப்பீடும் அடிப்படை விபத்துக் காப்பீடும் பொதுவாக வாடகையிலேயே சேர்ந்திருக்கும். அடிப்படைக் காப்பீடு இருந்தாலும், சேதத்தில் முதல் இவ்வளவு தொகை வண்டி எடுத்தவர் தலையில்தான் விழும். அதைக் குறைக்கக் கூடுதல் பணம் கட்டலாம். சரளைக்கல் சேதத்துக்குத் தனி, மணல்-சாம்பல் சேதத்துக்குத் தனி. 'முழுக் காப்பீடு' என்று இணையத்தில் பார்த்து வாங்கியவர்கள், டயரும் வண்டியின் அடிப்பாகமும் அதில் அடங்குமா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ள வேண்டும். பல இடங்களில் அடங்காது.

சாவி கைக்கு வந்ததும் வண்டியைச் சுற்றி நடந்து, பம்பர், கதவு விளிம்பு, சக்கர வளையம், முன்கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொள்வது அவசியம். மழையோ இருட்டோ இருந்தாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. வண்டி கிளம்பிய பிறகு கண்ணில் படும் கீறலுக்கு சாட்சி இல்லை.

பக்கம் மாறும் கை

ஐஸ்லாந்தும் ஒரு காலத்தில் நம்மைப்போலவே சாலையின் இடப்பக்கம் போன நாடு. ஸ்வீடன் 1967-ல் பக்கம் மாறியது. அடுத்த ஆண்டு, 1968 மே 26 ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு ஐஸ்லாந்து மாறியது. மாதக்கணக்கில் பிரசாரம் செய்து, அடையாளப் பலகைகளையெல்லாம் இடம் மாற்றி நட்டு, மொத்த நாடும் ஒரே நேரத்தில் வலப்பக்கம் வந்தது. அந்த மாற்றத்தில் பதிவான காயம், சைக்கிளில் போன ஒரு சிறுவனின் கால் முறிவு மட்டுமே.

ஒரு நாடு அத்தனை தயாரிப்போடு செய்ததை, வாடகைக் கார் எடுக்கும் இந்திய ஓட்டுநர் விமான நிலைய வாசலில் ஐந்து நிமிடத்தில் செய்ய வேண்டியிருக்கிறது. இருக்கை இடப்பக்கம். கியர் வலது கையில். நம்மூர்க் கார்கள் பலவற்றில் இண்டிகேட்டர் ஸ்டீயரிங்கின் வலப்பக்கம் இருக்கும். அங்கே இடப்பக்கம். முதல் திருப்பத்தில் கை பழக்கத்தில் வலது தண்டைத் தட்ட, காய்ந்த கண்ணாடியில் வைப்பர் ஓடும்.

இதைவிடக் கவனம் கேட்பது வேறொன்று. பல ஆண்டுகளாக வலது இருக்கையில் உட்கார்ந்து ஓட்டியவருக்கு வண்டியின் உடல் தன் இடப்பக்கம் நீண்டிருப்பதாகவே மனம் கணக்குப் போட்டிருக்கும். இட இருக்கைக்கு மாறியதும் அந்தக் கணக்குத் தவறிவிடும். வண்டி தன்னையறியாமல் வலது ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போகும். அகலமான நெடுஞ்சாலையில் இதனால் பெரிய கேடு இல்லை. ஐஸ்லாந்தின் ஒன்றாம் எண் சாலை பல இடங்களில் குறுகலானது. தார் முடியும் இடத்தில் ஒதுங்க இடமே இல்லாமல் சரளைச் சரிவு தொடங்கிவிடும். 90 கி.மீ வேகத்தில் வலது சக்கரம் அதில் இறங்கி, பதறி ஸ்டீயரிங்கை வெட்டி ஒடித்தால் வண்டி உருளும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முதல் சில மணி நேரம் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு வலது ஓரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவது பெரிய உதவி.

ரவுண்டானாவில் இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். இரண்டு தடங்கள் உள்ள ரவுண்டானாவில் உள்தடத்தில் இருப்பவர் வெளியேறும்போது வெளித்தடத்தில் இருப்பவர் வழிவிட வேண்டும் என்பது ஐஸ்லாந்தின் விதி. வேறு நாடுகளில் ஓட்டிப் பழகியவர்கள் திகைத்துப்போகும் இடம் இது. மற்ற விதிகள் சுருக்கமானவை. ஊருக்குள் 50, சரளைச் சாலையில் 80, தார்ச்சாலையில் 90 கி.மீ. அதற்கு மேல் வேகம் அனுமதிக்கும் சாலை நாட்டிலேயே இல்லை. நடுப்பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். பின்னிருக்கை உள்பட எல்லாரும் சீட் பெல்ட் போட வேண்டும். ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.2 பெர்மில்லைத் தாண்டக் கூடாது என்று 2020-ல் விதியை இறுக்கிவிட்டார்கள். ஒரு பீர் குடித்தவரும் சாவியைத் தொடாமல் இருப்பதே சரி.

ஒரு வண்டி மட்டும் போகும் பாலங்கள்

ஒன்றாம் எண் நெடுஞ்சாலை கடைசி மீட்டர் வரை தார் கண்டது 2019-ல்தான். ஒரே நேரத்தில் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பாலங்கள் அதில் இன்னும் இருக்கின்றன. பனிக்கட்டிகள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரியின் வாயில் நிற்கும் 1967-ஆம் ஆண்டுத் தொங்குபாலம் அதில் ஒன்று. பாலத்துக்கு முன்னால் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை இருக்கும். எந்த வண்டி பாலத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அது முதலில் போகலாம் என்பது அங்குள்ள வழக்கம். எதிரே வரும் வண்டியின் வேகத்தைத் தூரத்திலிருந்து கணிப்பது புதியவருக்குக் கடினம். வேகத்தைக் குறைத்து, ஓரமாக நின்று, எதிரே வருபவரை விட்டுவிட்டுப் போனால் இழப்பது அரை நிமிடம்.

2018 டிசம்பர் 27 அன்று காலை, பிரிட்டனிலிருந்து சுற்றுலா வந்திருந்த இந்திய வம்சாவளிக் குடும்பத்தினர் 7 பேர் வாடகைக்கு எடுத்த பெரிய வண்டியில் ஸ்கெய்தாரார்சாந்துரைக் கடந்துகொண்டிருந்தார்கள். நூப்ஸ்வோத்ன் ஆற்றின் ஒற்றைத்தடப் பாலத்தில் வண்டி தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே ஆற்றுப்படுகையில் விழுந்தது. இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் இறந்தார்கள். மற்றவர்கள் படுகாயமடைந்தார்கள். அருகில் பெரிய மருத்துவமனை கிடையாது. ரெய்க்யவிக்கிலிருந்து ஹெலிகாப்டர் வர வேண்டியிருந்தது.

இந்த விபத்து ஐஸ்லாந்தை உலுக்கியது. சில ஆயிரம் வண்டிகளுக்காகப் போட்ட பழைய பாலத்தின் மேல் லட்சக்கணக்கான சுற்றுலா வண்டிகள் ஓடுகின்றன, தடுப்புகள் இந்தக் காலத்து அளவுகோலுக்குப் போதாதவை என்ற விமர்சனங்கள் எழுந்தன. நூப்ஸ்வோத்னில் இப்போது இருவழிப் புதுப் பாலம் இருக்கிறது. சற்று கிழக்கே, 1974-ல் வட்டத்தை முடித்துவைத்த ஸ்கெய்தாரா நெடும்பாலத்தின் கதை வேறு. பனியாறு பின்வாங்கியதால் 2009-ல் அந்த ஆறே தடம் மாறிப் பக்கத்து ஆற்றோடு போய்ச் சேர்ந்தது. கீழே தண்ணீர் இல்லாமல் போன பாலத்தை விட்டுவிட்டு 2017-ல் சிறிய இருவழிப் பாலத்துக்கு மாறிவிட்டார்கள்.

சரளை, மணல், காற்று

பிரதான சாலையை விட்டு விலகினால் சரளைதான். தார் முடியும் இடத்தில் வேகத்தைக் குறைக்காமல் இறங்குபவர்களின் கார்கள் வழுக்கிப் பள்ளத்தில் போய் நிற்பது ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது. எதிரே வரும் வண்டி தெறிக்கவிடும் கல் முன்கண்ணாடியில் பட்டால் சிறு நட்சத்திரம் விழும். குளிரில் அது குறுக்கே விரிசலாக ஓடும். கண்ணாடிக்கான சரளைக் காப்பீட்டுக்குப் பணம் கட்டச் சொல்வது இதனால்தான்.

தென்கரையின் கருமணல் வெளிகளில் காற்று கிளம்பினால் மணல் பறக்கும். ஒரு மணி நேரத்தில் காரின் ஒரு பக்கப் பெயின்ட் மங்கி, கண்ணாடி உப்புத்தாள் போட்டதுபோல் சொரசொரப்பாகிவிடும். அடிப்படைக் காப்பீட்டில் அது வராது.

காற்றை அங்கே விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று அளக்கிறார்கள். 20 மீட்டர் என்று பலகையில் பார்த்தால் குறைவாகத் தோன்றும். அது மணிக்கு 72 கி.மீ. 15 மீட்டரைத் தாண்டினாலே உயரமான கேம்பர் வேன்களுக்கு ஆபத்து தொடங்கிவிடும். ரெய்க்யவிக்குக்கு வடக்கே ஹப்னார்ஃப்யாத்ல் மலையடிவாரமும் தெற்கே எயாஃபியாத்ல் மலையடிவாரமும் திடீர்ச் சுழல்காற்றுக்குப் பேர்போனவை. அப்படிப்பட்ட இடங்களில் காற்றின் வேகத்தையும் வெப்பநிலையையும் காட்டும் மின்பலகைகள் வைத்திருக்கிறார்கள்.

காரை விட்டு இறங்குவதற்கும் அங்கே ஒரு முறை உண்டு. வண்டியின் முகம் காற்றைப் பார்க்கும்படி நிறுத்தி, கதவை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு கொஞ்சமாகத் திறக்க வேண்டும். காற்று பின்னாலிருந்து வந்தால் கதவைப் பிடுங்கி முன்பக்கமாக மடித்துவிடும். கீல் வளைந்த கதவு மூடாது. ஒரு விநாடி கைவிட்டதற்கு வரும் பில் மொத்தப் பயணச் செலவில் பெரிய பங்காகிவிடக்கூடும். குழந்தைகளைத் தாங்களாகக் கதவைத் திறக்க விடாதீர்கள் என்று கவுன்ட்டரில் சொல்லி அனுப்புவார்கள்.

குளிர்காலம் இன்னொரு கணக்கு. டிசம்பரில் ரெய்க்யவிக்கில் பகல் வெளிச்சம் நான்கு, ஐந்து மணி நேரம்தான். நவம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதிவரை ஆணி பதித்த டயர்கள் அனுமதிக்கப்படுகின்றன. பனி ஓட்டிப் பழகாதவர்கள் அந்த மாதங்களில் தீவைச் சுற்றும் திட்டத்தைக் கைவிட்டு, தலைநகரில் தங்கிச் சுற்றுலாப் பேருந்தில் போய்வருவது பாதுகாப்பானது. வானில் வட துருவ ஒளி தெரிந்ததும் நடுச்சாலையிலேயே காரை நிறுத்துபவர்களைப் பற்றிக் காவல்துறை ஒவ்வொரு குளிர்காலமும் எச்சரிக்கிறது. இருட்டில், வழுக்கும் சாலையில், பின்னால் வரும் லாரியால் நிற்க முடியாது.

கோடையில் ஆடுகள். ஜூன் முதல் செப்டம்பர்வரை மந்தைகள் வேலியில்லாமல் மேய்கின்றன. சாலையின் ஒரு பக்கம் தாயும் மறுபக்கம் குட்டியும் நின்றால், கார் நெருங்கும் நேரத்தில் குட்டி தாயை நோக்கி ஓடும். ஆடு அடிபட்டால் தகவல் சொல்ல வேண்டும், உரிமையாளருக்கு நஷ்டஈடும் கொடுக்க வேண்டும்.

ஆற்றில் இறங்கும் முன்

தீவின் நடுப்பகுதி ஆளில்லாத மேட்டுநிலம். அங்கே போகும் பாதைகளின் எண்ணுக்கு முன் 'எஃப்' என்ற எழுத்து இருக்கும். ஜூன் கடைசியில் திறந்து செப்டம்பரில் மூடும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிகள் மட்டுமே போகலாம். சிறிய வாடகைக் காரில் போனால் சட்டமும் மீறப்படுகிறது, காப்பீடும் ரத்தாகிறது. பெரிய வண்டி எடுத்தாலும், அந்த நிறுவனம் எஃப் சாலைகளை அனுமதிக்கிறதா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பாதைகளில் பல ஆறுகளுக்குப் பாலம் இல்லை. தண்ணீரில் இறங்கித்தான் கடக்க வேண்டும். லாந்த்மன்னலாய்கரின் வண்ண மலைகளுக்குப் போகும் வழியில் இருப்பவை சிறியவை. தோர்ஸ்மொர்க் பள்ளத்தாக்கின் வாயிலில் ஓடும் க்ரோஸா ஆறு பெரிய வண்டிகளையே புரட்டிப்போட்டிருக்கிறது. பனியாற்று நீர் கலங்கலானது, ஆழம் கண்ணுக்குத் தெரியாது. வெயில் ஏறப் பனி உருகுவதால் காலையில் முழங்கால் அளவு இருந்த ஆறு மாலையில் இடுப்பளவுக்கு வந்துவிடும். காலையில் கடந்து போனவர் சாயங்காலம் திரும்ப முடியாமல் மறுகரையில் மாட்டிக்கொள்வது அப்படித்தான். அனுபவமுள்ளவர்கள் வண்டியை நிறுத்தி, இன்னொரு வண்டி கடப்பதைப் பார்த்து, தண்ணீர் அகலமாகப் பரவிச் சலசலக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அமைதியாகக் குறுகி ஓடும் இடத்தில்தான் ஆழம் அதிகம். சந்தேகம் இருந்தால் திரும்பிவிடுவார்கள். லாந்த்மன்னலாய்கருக்கும் தோர்ஸ்மொர்க்கிற்கும் உயரமான சக்கரங்கள் கொண்ட மேட்டுநிலப் பேருந்துகள் கோடையில் ஓடுகின்றன.

பாதையை விட்டு விலகி மண்ணில் ஓட்டுவது ஐஸ்லாந்தில் குற்றம். அபராதம் லட்சக்கணக்கான குரோனாவில் போகக்கூடும். எரிமலைக் குழம்பின் மேல் படர்ந்திருக்கும் பாசி மெத்தை வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஒரு டயர் தடம் அதைக் கிழித்தால் மழையும் காற்றும் அந்தக் காயத்தை அகலப்படுத்திக்கொண்டே போகும்.

அழைத்தால் வருபவர்கள்

இத்தனை அபாயங்களுக்கு நடுவே வழி தவறுபவர்களைத் தேடி யார் போகிறார்கள்? ராணுவம் இல்லாத அந்த நாட்டில் அந்த வேலையைச் செய்பவர்கள் தன்னார்வலர்கள். 'லாந்த்ஸ்பியோர்க்' என்ற மீட்பு அமைப்பின் கீழ் நாடெங்கும் ஊர்க் குழுக்கள் இயங்குகின்றன. ஆசிரியர், தச்சர், விவசாயி என்று தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், அழைப்பு வந்ததும் பெரிய சக்கர ஜீப்பை எடுத்துக்கொண்டு புயலில் கிளம்புகிறார்கள். மீட்கப்பட்டவரிடம் கட்டணம் கேட்பதில்லை. புத்தாண்டுக்கு நாட்டு மக்களுக்குப் பட்டாசு விற்றுக் கிடைக்கும் வருமானம்தான் அவர்களின் முக்கிய நிதி ஆதாரம்.

மூடிய சாலையின் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்ப் பனியில் புதையும் ஒவ்வொரு வாடகைக் காருக்கும், இரவு உணவை விட்டு எழுந்து வருபவர்கள் இவர்கள்தான். அவர்கள் நடத்தும் 'சேஃப்டிராவல்' தளத்தில் பயணத் திட்டத்தைப் பதிவு செய்துவிட்டு மேட்டுநிலத்துக்குக் கிளம்பலாம். குறித்த நேரத்தில் திரும்பாவிட்டால் எங்கே தேட வேண்டும் என்பதாவது தெரியும். அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 112.

சாவியைத் திருப்பிக் கொடுத்த பிறகும்

வண்டியைத் திருப்பிக் கொடுப்பதோடு கணக்கு முடிவதில்லை. அருவிகளின் அருகே உள்ள பல நிறுத்துமிடங்களில் கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக் கட்டணம் விதிக்கிறது. செயலியில் கட்டாமல் போனால், வாடகை நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தையும் சேர்த்துக் கிரெடிட் கார்டில் பிடிக்கும். க்வால்ஃபியோர்துர் கடலடிச் சுரங்கப்பாதையில் 2018-லிருந்து சுங்கம் இல்லை. வடக்கே அகுரேரி அருகில் 7.4 கி.மீ நீளமுள்ள வாத்லஹெய்தி சுரங்கத்துக்கு உண்டு. அங்கே சுங்கச் சாவடியே இல்லை, இணையத்தில் கட்ட வேண்டும். தெரியாமல் கடந்துவிட்டால் அந்த பில்லும் வாரக்கணக்கில் கழித்து வந்து சேரும். வேகக் கேமராவில் பட்ட அபராதமும் அப்படியே. கார் எடுப்பவர்கள், கிலோமீட்டர் கட்டணம் வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளலாம்.

சாலைத் துறையும் சும்மா இல்லை. ஹொஃப்ன் அருகே 2022-ல் தொடங்கிய பணி மூன்று ஒற்றைத்தடப் பாலங்களைச் சுற்றுச்சாலையிலிருந்து நீக்கி, வட்டத்தை 12 கி.மீ குறைப்பதற்கானது.

அடுத்த கோடைக்குத் திட்டமிடுபவர்கள் முன்பதிவுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை மூன்று. மேட்டுநிலத்துக்குப் போகிறோமா, இல்லையா என்பது முதலாவது. வண்டியின் வகையும் காப்பீடும் அதைப் பொறுத்தவை. ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவது என்பது இரண்டாவது. வட்டம் முழுவதையும் ஒரு வாரத்துக்குள் அடைக்கப் பார்ப்பவர்கள், காற்று எச்சரிக்கை வந்த நாளிலும் ஹோட்டல் முன்பதிவை நினைத்துக் கிளம்ப வேண்டிய கட்டாயத்தில் சிக்குகிறார்கள். ஒன்றிரண்டு நாள்களைக் காலியாக விட்டுவைத்தால் அந்தக் கட்டாயம் இல்லை. யார் யார் ஓட்டப்போகிறார்கள் என்பது மூன்றாவது. அவர்கள் எல்லாருடைய உரிமமும் பயணத் தேதியில் செல்லுபடியாக இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பார்த்துவிடலாம். காலாவதி நெருங்கியிருந்தால், ஆர்.டி.ஓ அலுவலகத்தில் முதலில் அதைப் புதுப்பித்த பிறகே சர்வதேச அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.